நெறி கட்டியிருக்கு, பயப்படாதே

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த என் மனைவி, "கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். இது ஹோம்வொர்க் விஷயம் இல்லை என்று குரலிலேயே தெரிந்தது. மகளின் பிடரியில், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. தொட்டால் விரலுக்கடியில் வழுக்கி நகர்ந்தது. காதுக்குப் பின்னால் இன்னொன்று, பட்டாணி அளவில். காய்ச்சல் இல்லை. அவள் பாட்டுக்கு டேப்லெட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தொழில் சாஃப்ட்வேர். எந்த எரர் வந்தாலும் அப்படியே காப்பி பண்ணித் தேடினால் பதில் கிடைத்துவிடும் என்று பழகிப்போன கை. அதே கையால் 'ஆறு வயதுக் குழந்தை கழுத்தில் கட்டி' என்று தேடினேன். மூன்றாவது வரியிலேயே அந்த வார்த்தை வந்துவிட்டது. எந்த வார்த்தை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற எல்லாரும் ஒரு ராத்திரியாவது அந்த வார்த்தையைப் படித்திருப்போம்.

பத்தரை மணி. திருநெல்வேலியில் சனிக்கிழமை காலை எட்டு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கழுத்தைக் காட்டினேன்.

"ஏ ஐயா, இதுக்கா முழிச்சிட்டு இருக்க? நெறி கட்டியிருக்குல்லா. பயப்படாத. பிள்ளைக்குத் தலையில புண்ணு இருக்கா? பேன் கெடக்கான்னு பாரு."

"அம்மா, இங்க எல்லாம் பேன் கிடையாதும்மா. கட்டி கழுத்துல இருக்கு, நீங்க தலையப் பாக்கச் சொல்றீங்க."

"கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா தொடை இடுக்குல நெறி கட்டும். கையில புண்ணுன்னா அக்குள்ல கட்டும். தலையில புண்ணுன்னா பிடரியிலதான கட்டும்? பாருய்யா மொதல்ல."

என் மனைவி இங்கே டொரோண்டோவிலேயே பிறந்து வளர்ந்தவள். 'நெறி' என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறாள். ஆனால் என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள். போன் டார்ச்சைப் போட்டு, மகளின் முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தாள். ஐந்து நிமிஷம். காதுக்குப் பின்னாலும் பின்மண்டையிலும் சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. முடியில் வெள்ளை வெள்ளையாக ஈர். அப்புறம்தான் ஞாபகம் வந்து என் மெயிலைத் தேடினேன். வகுப்பில் சில பிள்ளைகளுக்குப் பேன் இருக்கிறது, வீட்டில் பாருங்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே பள்ளியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நான் படிக்காமலே ஆர்க்கைவ் பண்ணியிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் பார்த்தார். கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் தொட்டுப் பார்த்தார். தலைப் புண்ணுக்குக் களிம்பு, பேனுக்கு மருந்து, கட்டிக்கு ஒன்றும் வேண்டாம், நான்கு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார். அம்மா சொன்னதேதான்.

வரும் வழியில் காரின் பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது. "பேன் தலையிலதானே இருக்கு? அப்புறம் ஏன் கழுத்துல கட்டி? அதுக்குள்ள என்னப்பா இருக்கு?" தெரியாது என்று சொன்னேன். அடுத்த இரண்டு வாரம், அவள் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்ததுதான் இந்த மாதப் பகுதி.

கட்டிக்குள் யார்?

நெறி என்பது நிணநீர்க் கணு. உடம்பில் இது சில நூறு இருக்கிறது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிற்றுக்குள் என்று கூட்டம் கூட்டமாக. ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து தசைக்கும் தோலுக்கும் நடுவில் தேங்குகிற நீர், நிணநீராகத் தனிக் குழாய்களில் வடிந்து பக்கத்தில் இருக்கிற நெறிக்கு வரும். தலைத்தோலின் பின்பக்க நிணநீர் பிடரிக்கும் காதுக்குப் பின்னாலும் வரும். காலின் நிணநீர் தொடை இடுக்குக்கு. அம்மா சொன்ன முகவரி எல்லாம் சரி. புண்ணில் புகுந்த கிருமியின் துண்டுகள் இந்த நீரோடு நெறிக்கு வந்து சேர்கின்றன.

அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்த வெள்ளை அணு வேறு எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. லிம்போசைட் என்கிற இந்த வெள்ளை அணுக்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும். குறிப்பிட்ட ஒரு கிருமித் துண்டுக்குப் பொருந்தும் அணு லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்று தற்செயலாக மகளின் தலைப் புண்ணுக்கே போய்ச் சேரும் என்று காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. அதனால் உடம்பு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. கிருமித் துண்டு நெறிக்கு வரும். லிம்போசைட்டுகளும் ஒவ்வொரு நெறியாக ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் அங்கே சந்திக்கும்.

இப்படிச் சுற்றுகின்றன என்பதே ரொம்ப நாள் தெரியாது. நிணநீர் கடைசியாக இடது கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் ரத்தத்தில் கலக்கிறது. அந்த வழியாக ஒரு நாளில் வந்து கொட்டும் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை, ரத்தத்தில் இருக்கிற மொத்தத்தையும் பல தடவை நிரப்பப் போதும். ஆனாலும் ரத்தத்தில் எண்ணிக்கை ஏறுவதில்லை. அப்படியானால் வந்ததெல்லாம் எங்கே போகிறது? செத்துவிடுகிறது என்று பலர் நினைத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கவன்ஸ் எலிகளில் அந்த நிணநீரை வெளியே வடித்துப் பார்த்தார். வடிக்க வடிக்க வரத்து குறைந்தது. வடித்த அணுக்களைத் திரும்ப ரத்தத்தில் செலுத்தினால் வரத்து பழையபடி ஆனது. சாகவில்லை, அதே அணுக்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன என்று 1959-ல் எழுதினார். 1964-ல் ஜூலி நைட்டோடு சேர்ந்து, கதிரியக்க அடையாளம் போட்ட அணுக்களைப் பின்தொடர்ந்து, அவை ரத்தத்தை விட்டு நெறிக்குள் நுழையும் வாசலையும் காட்டினார். நெறிக்குள் இருக்கிற ஒரு தனி வகைச் சின்ன ரத்தக்குழாய்தான் அந்த வாசல்.

பிடித்துக்கொள்ளும் சுவர்

சாதாரண ரத்தக்குழாயின் உட்சுவர், டைல்ஸ் ஒட்டின மாதிரி தட்டையான செல்களால் ஆனது. நெறிக்குள் இருக்கிற இந்தக் குழாயில் மட்டும் சுவரின் செல்கள் உப்பி, உயரமாக, உருண்டைக் கல் பதித்த பழைய தெரு மாதிரி இருக்கும். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில் போகிற லிம்போசைட், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வருமா என்கிற ஒரு உருண்டை. அது எப்படி சரியாக இந்தச் சுவரில் நிற்கிறது?

1976-ல் ஹ்யூ ஸ்டாம்பரும் ஜூடித் வுட்ரஃபும் ரொம்ப எளிமையான ஒரு சோதனை செய்தார்கள். எலியின் நெறியை உறையவைத்து, மெல்லிய துண்டாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் வைத்தார்கள். அதன்மேல் உயிருள்ள லிம்போசைட்டுகளை ஊற்றி மெதுவாகச் சுழற்றிக் கழுவினார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த உயரமான சுவர் இருந்த இடத்தில் மட்டும் அணுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ரத்த ஓட்டம் இல்லை, திசு உயிரோடு இல்லை, ஆனாலும் ஒட்டியது. அடையாளம் சுவரிலேயே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அணுவின் பக்கம் பிடிக்கும் கை எது? 1983-ல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் கேலட்டின், இர்விங் வைஸ்மன், யூஜின் புட்சர் மூவரும் எலி லிம்போசைட்டின் மேல் இருக்கும் ஒரு புரதத்தை மூடிவிடும் எதிர்ப்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதைப் போட்டால் அணுக்கள் நெறியின் சுவரில் ஒட்டவில்லை. குடலில் இருக்கும் நிணத் திசுவின் சுவரில் மட்டும் வழக்கம்போல ஒட்டின. ஒரே உடம்பில் ஒவ்வொரு தெருவுக்கும் வேறு வேறு பூட்டு இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் மூடிய அந்தப் புரதத்துக்கு இன்றைய பெயர் எல்-செலக்டின்.

இப்போது அந்தச் சுவரில் நடப்பதைப் படிப்படியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், லிம்போசைட்டின் மேல் மெல்லிய முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளில் எல்-செலக்டின் இருக்கிறது. சுவரிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. காப்பியில் போடுகிற சர்க்கரை இல்லை, புரதங்களின் மேல் வளரும் சர்க்கரை மூலக்கூறுகள். இரண்டும் தொட்டதும் பிடிக்கும், உடனே விட்டுவிடும். அடுத்தது பிடிக்கும், விட்டுவிடும். இப்படிப் பிடித்துப் பிடித்து விடுவதால் ஓட்டத்தில் பாய்ந்து வந்த அணு வேகம் குறைந்து சுவரோரமாக உருள ஆரம்பிக்கும்.

அப்படி மெதுவாக உருளும்போது சுவரில் பூசியிருக்கும் ஒரு சமிக்ஞையை அது தொடும். கீமோகைன் என்கிற சின்னப் புரதம் அது. நெறியில் முக்கியமாக சிசிஎல்21. "இதுதான் உன் ஸ்டாப், இறங்கு" என்கிற விசில் அது. வேகமாகப் போனால் கேட்காது. உருண்டால்தான் கேட்கும்.

விசில் கேட்டதும் ஒரு நொடிக்குள் அணுவின் மேல் மடங்கிக் கிடந்த இன்னொரு புரதம் நிமிர்ந்து நிற்கும். இன்டெக்ரின் வகை, பெயர் எல்எஃப்ஏ-1. அது சுவரில் இருக்கும் ஐகேம்-1 என்கிற பிடியை இறுக்கிப் பிடிக்கும். அணு நின்றுவிடும். அப்புறம் சுவரில் ஊர்ந்து, நசுங்கி, நுழைந்து நெறிக்குள் போய்விடும்.

எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் இது மல்டி-ஃபாக்டர் லாகின். ஆனால் ஒரு வித்தியாசம். நாங்கள் எழுதும் லாகினில் முதல் படியே உறுதியாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். இங்கே முதல் படி வேண்டுமென்றே பலவீனமானது. முதல் தொடுதலிலேயே இறுக்கிப் பிடித்தால், இறங்க வேண்டாத அணுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும், குழாயும் அடைத்துக்கொள்ளும். விடத் தெரிந்த பிடியாக இருந்தால்தான் போகிற எல்லாரையும் ஒரு தடவை நிறுத்தி விசாரிக்க முடியும்.

இதில் என்னை ரொம்ப ஆச்சரியப்படுத்திய விஷயம் ஒன்று. எல்-செலக்டின் பிடிக்க வேண்டுமென்றால் ரத்தம் ஓட வேண்டும். ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே குறைந்தால் உருண்டுகொண்டிருந்த அணுக்கள் கழன்றுவிடும் என்று 1996-ல் சோதனையில் காட்டினார்கள். மெதுவாகப் போனால் சுலபமாகப் பிடிக்கலாம் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். இழுக்கிற விசைதான் பிடியை நிலைக்க வைக்கிறது.

மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஓடுற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து, விசில் கேட்டு, படியில் காலை ஊன்றி இறங்குவது என் காலத்து உதாரணம். அவள் ஸ்கூல் பஸ்ஸோ நிற்காமல் கதவே திறக்காது. கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். பீச்சில் விளையாடுவதற்கு வாங்கின வெல்க்ரோ பந்தை எடுத்து வந்து, கார்ப்பெட்டின் மேல் உருட்டிவிட்டு, "டர்ர்ர்னு ஒட்டி ஒட்டிப் போகுதே, இது மாதிரியா?" என்றாள். அது மாதிரியேதான்.

ஏன் வீங்குகிறது?

சாதாரண நாளில் ஒரு லிம்போசைட் நெறிக்குள் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை சுற்றிப் பார்க்கும். பொருத்தமான துண்டு கிடைக்காவிட்டால் வெளியேறி, நிணநீர் வழியாக ரத்தத்துக்குப் போய் அடுத்த நெறிக்குக் கிளம்பிவிடும்.

புண்ணிலிருந்து கிருமிச் செய்தி வந்த நாளில் கதை மாறும். நெறிக்கு வரும் ரத்தம் கூடும். அதனால் சுவரில் இறங்கும் அணுக்களும் கூடும். அதே நேரத்தில் வெளியேறும் வழி கொஞ்ச காலத்துக்கு அடைக்கப்படும். உள்ளே வரத்து அதிகம், வெளியே போக்கு இல்லை. அந்த லட்சத்தில் ஒன்று கிடைத்ததும் அது இரண்டாக, நாலாக, ஆயிரமாகப் பெருகும். இதுதான் கொண்டைக்கடலை அளவு. நான் ராத்திரி முழுக்கப் பயந்த கட்டி, ஊர் முழுக்கத் தேடி சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் கூட்டம்.

'நெறி கட்டுது' என்ற சொல்லை நான் இத்தனை நாள் ஒரு நாட்டுப்புறச் சொல்லாகத்தான் வைத்திருந்தேன். அம்மாவுக்கு எல்-செலக்டின் தெரியாது. ஆனால் கட்டியைப் பார்த்தால் அது எந்தப் பக்கத்துச் செய்தி என்று தேட வேண்டும் என்று தெரியும். எனக்குக் கட்டியை மட்டும்தான் தேடத் தெரிந்தது.

பிடி இல்லாவிட்டால்

இந்தப் பிடி இல்லாமலே பிறக்கும் குழந்தைகளும் உண்டு. மிக மிக அபூர்வம். எல்.ஏ.டி. வகை 1 என்பார்கள். எல்எஃப்ஏ-1 போன்ற இன்டெக்ரின்களின் ஒரு பாகம் பழுதாகியிருக்கும். முதலில் அடிபடுவது கிருமியோடு நேரடியாக மல்லுக்கட்டும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள். ரத்தத்தில் அவை ஏராளமாக இருக்கும், ஆனால் சுவரைப் பிடித்து இறங்க முடியாது. அதனால் புண் வந்தால் சீழே வைக்காது, ஆறவும் ஆறாது. ஒன்றிரண்டு வாரத்தில் விழ வேண்டிய தொப்புள்கொடி மூன்று நான்கு வாரம் தாண்டியும் விழாமல், அந்த இடத்தில் தொற்று வருவது ஒரு பழைய அடையாளம். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இல்லை. ஆனாலும் அப்படி நடந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. கடுமையான வகைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் தெரிந்தால்தான் பலன்.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இது வரும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நம் குடும்பங்களில் புதிதில்லை. சொந்தத்தில் கட்டினால் இந்த மாதிரி நோய்களுக்கான வாய்ப்பு கூடும். உங்கள் இருவர் வீட்டிலும் சின்ன வயதில் தொற்றால் இறந்த குழந்தை இருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் அந்தத் தகவலைச் சொல்லுங்கள்.

பிடி தவறான இடத்தில் அதிகமானாலும் கஷ்டம்தான். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரிக் குடல் நோய்களில் வெள்ளை அணுக்கள் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குடலுக்குத் தனிப் பூட்டு இருக்கிறது என்று எலியில் பார்த்தார்களே, அந்த வழியில் வந்த மருந்துதான் வெடோலிசுமாப். குடல் சுவரைப் பிடிக்கும் இன்டெக்ரினை அது மூடிவிடுகிறது. 2014-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. உங்களில் யார் வீட்டிலாவது அந்த ஊசி போடுகிறவர் இருந்தால், ஒரு உறைந்த நெறித் துண்டின் மேல் ஒட்டிய அணுக்களை நினைத்துக்கொள்ளலாம்.

எப்போது காத்திருப்பது, எப்போது போவது?

டாக்டர் சொன்னதை நான் ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்களுக்கும்.

குழந்தைகளுக்குக் கழுத்தில் சின்ன நெறி தட்டுப்படுவது சகஜம். மெத்தென்று, நகரக்கூடியதாக, பக்கத்தில் புண், தொண்டை வலி, சளி, பல் சொத்தை ஏதாவது இருந்தால் அதைக் கவனியுங்கள். புண் ஆறிய பிறகும் நெறி வற்ற சில வாரம் ஆகலாம். தினமும் அமுக்கிப் பார்க்காதீர்கள்.

2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், வளர்ந்துகொண்டே போனால், கல் மாதிரி கெட்டியாக நகராமல் இருந்தால், கழுத்தெலும்புக்கு மேலே இருந்தால், நான்கு வாரத்துக்கு மேல் குறையாவிட்டால், கூடவே விடாத காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருந்தால் டாக்டரைப் பாருங்கள். சிவந்து, சுட்டு, ரொம்ப வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால் நேராக எமர்ஜென்சி. இதற்கு ஆச்சி வைத்தியம் போதாது. இதை அம்மாவிடமும் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

நான்கு வாரம் ஆகிவிட்டது. பட்டாணி காணோம். கொண்டைக்கடலை பாசிப்பயறு ஆகிவிட்டது. தலையும் சுத்தம். மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பேன்சீப்பு போட்டதில் எனக்கும் என் மனைவிக்கும் பின்கழுத்தில் வலி, அது வேறு விஷயம்.

போன ஞாயிறு மகள் ஆச்சிக்கு போன் செய்து, வெல்க்ரோ பந்தை கேமராவுக்கு முன்னால் உருட்டிக் காட்டி முழுக் கதையும் சொன்னாள். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் நெறின்னு சொன்னேன்லா" என்றார்.

"நெறி" என்று மகள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ற சரியாக வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். வந்துவிட்டது.

அடுத்த மாதம் சந்திப்போம். அதற்குள் பள்ளியிலிருந்து வந்த மெயிலை எல்லாம் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.